எத்தனைக்குள் எத்தனை? அன்றாட நிகழ்தகவுப் புதிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் பல வருடங்களாகச் சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். நிகழ்தகவுப் பாடம் தொடங்கும் வாரத்தில் மாணவர்கள் மட்டுமன்றி, அவர்களைக் கூட்டிச் செல்ல வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேள்வி கேட்பார்கள். வேறெந்தப் பாடத்துக்கும் இப்படி நடப்பதில்லை. அந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை விடைகளுடன் இங்கே தந்திருக்கிறேன்.

பெருக்கலும் பின்னமும் நன்கு தெரிந்தவர்கள்கூட நிகழ்தகவில் ஏன் பிழை விடுகிறார்கள்?

நிகழ்தகவு என்பது 'எத்தனைக்குள் எத்தனை' என்ற கேள்விக்கான விடை. நமக்கு வேண்டிய நிகழ்ச்சிகளை எண்ணுவதில், அதாவது தொகுதியெண்ணில், மாணவர்கள் அவ்வளவாகத் தவறுவதில்லை. எந்தக் கூட்டத்துக்குள் எண்ணுகிறோம் என்பதில்தான், அதாவது பகுதியெண்ணில்தான், பெரும்பாலான விடைகள் தவறிப்போகின்றன. கேள்வியில் ஒரு சொல் மாறினால் பகுதியெண் மாறிவிடும். அந்த மாற்றம் சில வேளைகளில் கேள்வியில் வெளிப்படையாக எழுதப்பட்டும் இருக்காது. ஆகவே சூத்திரத்தைத் தேடுவதற்கு முன், நூறு பேரையோ ஆயிரம் குடும்பங்களையோ பத்தாயிரம் நோயாளிகளையோ மனத்தில் நிறுத்தி, அவர்களை வகைவகையாகப் பிரித்துத் தாளில் எழுதிப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். கீழுள்ள விடைகள் யாவும் அந்த முறையிலேயே அமைந்துள்ளன.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறார்கள். நான் போகும்போது மட்டும் ஏன் எப்போதும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது?

இது உங்களுடைய துரதிர்ஷ்டம் அன்று, கணக்கே அப்படித்தான். காலி வீதியில் புறக்கோட்டைப் பக்கம் போக 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இதைக் கண்ணாரப் பார்த்திருப்பார்கள். பாணந்துறையிலிருந்து வரும் பஸ் மொறட்டுவை, இரத்மலானை, தெஹிவளை என்று கடந்து வெள்ளவத்தைக்கு வருவதற்குள் ஏதோ ஓரிடத்தில் தாமதமாகிவிடுகிறது. தாமதமான பஸ்ஸுக்காக அடுத்தடுத்த தரிப்பிடங்களில் கூடுதலான ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களை ஏற்றுவதால் அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்றுவதற்கு ஆட்கள் குறைவாகையால் அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. கடைசியில் சந்தையடித் தரிப்பிடத்தில் நிற்பவர் காண்பது, வாசற்படி வரை ஆட்கள் தொங்கும் ஒரு பஸ்ஸையும், அதன் வாலைப் பிடித்தாற்போல் பாதி இருக்கைகள் வெறுமையாய் வரும் இன்னொன்றையுமே.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மணித்தியாலத்தில் ஆறு பஸ்கள் வருகின்றன என்றும், அவற்றின் இடைவெளிகள் 2, 18, 2, 18, 2, 18 நிமிடங்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இடைவெளிகளின் சராசரி சரியாக 10 நிமிடம். நேரக் கணிப்பாளர் தம் புத்தகத்தைப் பார்த்து 'பத்து நிமிடத்துக்கு ஒன்று' என்று சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் தரிப்பிடத்துக்கு வந்து சேர்வது ஏதோ ஒரு நிமிடத்தில். அந்த 60 நிமிடங்களில் 54 நிமிடங்கள் நீண்ட இடைவெளிகளுக்குள்ளும் 6 நிமிடங்கள் மாத்திரமே குறுகிய இடைவெளிகளுக்குள்ளும் அடங்குகின்றன. ஆகவே நீண்ட இடைவெளிக்குள் நீங்கள் அகப்படுவதற்கான நிகழ்தகவு 0.9. அப்படி அகப்பட்டால் சராசரியாக 9 நிமிடமும், குறுகிய இடைவெளிக்குள் வந்தால் சராசரியாக 1 நிமிடமும் காத்திருப்பீர்கள். 0.9 ஐ 9 ஆலும் 0.1 ஐ 1 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 8.2 நிமிடம் வருகிறது. பஸ்கள் சீராக வந்திருந்தால் அது 5 நிமிடமாக இருந்திருக்கும். நேரக் கணிப்பாளர் பஸ்களுக்குள் எண்ணுகிறார். நீங்கள் நிமிடங்களுக்குள் எண்ணுகிறீர்கள்.

'பஸ் எப்போதும் நெரிசல்தான்' என்ற முறைப்பாட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான் இருக்கிறது. ஒரு பஸ்ஸில் 90 பேரும் அடுத்ததில் 10 பேரும் பயணம் செய்தால், ஒரு பஸ்ஸுக்குச் சராசரி 50 பேர். ஆனால் பயணிகள் நூறு பேரிடமும் 'உங்கள் பஸ்ஸில் எத்தனை பேர்?' என்று கேட்டால், 90 பேர் '90' என்றும் 10 பேர் '10' என்றும் சொல்வார்கள். அந்த விடைகளின் சராசரி 82. வெறும் பஸ்ஸை நேரில் கண்டு சொல்வதற்கு அதற்குள் ஆட்கள் மிகக் குறைவு.

வகுப்பில் 40 பேர்தான் இருக்கிறார்கள், வருடத்தில் 365 நாட்கள் இருக்கின்றன. இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவது அதிசயம் அல்லவா?

அதிசயம் அன்று. வராமல் இருந்தால்தான் வியக்க வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில் குறைந்தது ஒரு சோடிக்காவது ஒரே பிறந்தநாள் அமையும் நிகழ்தகவு ஏறத்தாழ 89 சதவீதம். 23 பேர் இருந்தாலே அது 50 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

'என் பிறந்தநாள் வேறு யாருக்காவது உண்டா?' என்ற கேள்வியும் 'யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் உண்டா?' என்ற கேள்வியும் காதில் ஒன்றுபோல ஒலிப்பதால்தான் நம் மனம் இதை ஏற்க மறுக்கிறது. முதலாவதில் நீங்கள் மற்ற 39 பேருடன் மட்டும் ஒப்பிடுகிறீர்கள். விடை 10 சதவீத அளவில்தான். இரண்டாவதில் 40 பேருக்குள் அமையக்கூடிய 780 சோடிகள் அனைத்தும் ஒப்பிடப்படுகின்றன. கணக்கைச் செய்ய எளிய வழி, யாருக்குமே ஒத்துவராத நிகழ்தகவைக் கண்டு 1 இலிருந்து கழிப்பதாகும். இரண்டாமவருக்கு 365 இல் 364, மூன்றாமவருக்கு 363, நான்காமவருக்கு 362 என்று பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போனால், 23ஆம் ஆளில் பெருக்கம் 0.493 ஆகக் குறைந்துவிடும். உண்மையில் பிறப்புகள் எல்லா நாட்களிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை என்று உயர்தர மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சில நாட்களில் பிறப்புகள் கூடினால், ஒத்துவரும் வாய்ப்பு மேலும் கூடுமேயன்றிக் குறையாது.

தொடர்ந்து நான்கு தடவை நாணயச்சுழற்சியில் தோற்ற அணித்தலைவர் அடுத்த தடவை வெல்வார் என்று எதிர்பார்க்கலாமா?

அதே 50 சதவீதம்தான். நாணயத்துக்கு நினைவு கிடையாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொன்டே கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சுழல்சக்கரம் தொடர்ந்து 26 தடவை கறுப்பில் நின்றது. இனிமேல் சிவப்புத்தான் என்று நம்பி ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் மீது மேலும் மேலும் பணம் வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள்.

இதற்காக வகுப்பில் ஒரு பயிற்சி செய்விப்பேன். பாதிப் பேர் ஐந்து ரூபாய்க் குற்றியை உண்மையாகவே 20 தடவை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுத வேண்டும். மீதிப் பேர் சுண்டாமலே மனத்தால் கற்பனை செய்து 20 எழுத வேண்டும். தாள்களைக் கலந்து என்னிடம் தருவார்கள். எது உண்மை, எது கற்பனை என்பதைப் பெரும்பாலும் சரியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். கற்பனையில் எழுதுபவர் மூன்று தலை வந்ததும் 'இனிப் பூ போடாவிட்டால் நம்பமாட்டார்' என்று கையை மாற்றிவிடுகிறார். உண்மையான நாணயம் அப்படித் தயங்குவதில்லை: 20 தடவை சுண்டும்போது எங்காவது நான்கோ அதற்கு மேலோ ஒரே பக்கம் தொடர்ந்து விழும் நிகழ்தகவு ஏறத்தாழ 77 சதவீதம், ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுவதற்கு 46 சதவீதம்.

லொத்தர்ச் சீட்டில் 111111 என்ற எண்ணை வாங்குவது வீண்தானே?

மற்ற எந்த எண்ணையும் வாங்குவது எவ்வளவு வீணோ அவ்வளவே. ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரிசையாகப் பொருந்த வேண்டிய சீட்டு என்று எடுத்துக்கொண்டால், 26 எழுத்துகளுக்கும் 10 இலட்சம் எண்களுக்குமாக மொத்தம் 2 கோடியே 60 இலட்சம் சேர்க்கைகள் உண்டு. நாளுக்கு ஒரு சீட்டு வாங்குபவர் ஒரு தடவை பெரும்பரிசு பெறச் சராசரியாக 71,000 வருடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 'சென்ற மாதம் பரிசு விழுந்த கடை' என்று தேடிப் போய் வாங்குவதால் இந்த எண் மாறாது. சீட்டுகள் அதிகம் விற்கும் கடையில் பரிசுகளும் அதிகம் விழும், அவ்வளவுதான்.

இரத்தப் பரிசோதனையில் 'பொசிட்டிவ்' என்று வந்துவிட்டது. பரிசோதனை 96 சதவீதம் சரியானது என்கிறார்கள். அப்படியானால் நோய் இருப்பதற்கு 96 சதவீதம் வாய்ப்பா?

இந்தக் கேள்விக்கு நான் அவசரமாக விடை சொல்வதில்லை. என் உறவினர் ஒருவர், உடலில் எந்தக் குறையும் இல்லாத நிலையில், ஆண்டுக்கொரு தடவை செய்யும் முழு உடற்பரிசோதனையில் இப்படி ஒரு முடிவு வந்து, இரண்டு வாரங்கள் நித்திரையின்றித் தவித்தார். மறுபரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அவருக்கு அந்த முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்க வேண்டிய கணக்கு இதுதான்.

இருநூறு பேரில் ஒருவருக்கு உள்ள நோய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேரைச் சோதித்தால் அவர்களுள் 50 பேர் நோயாளிகள், 9,950 பேர் நோயற்றவர்கள். பரிசோதனை நோயாளிகளில் 96 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே 48 பேர். நோயற்றவர்களில் 4 சதவீதத்தினருக்குத் தவறாகப் பொசிட்டிவ் காட்டுகிறது. ஆகவே 398 பேர். பொசிட்டிவ் வந்தவர்கள் மொத்தம் 446 பேர். அவர்களுள் உண்மையில் நோயுள்ளவர்கள் 48 பேர். விடை 11 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

'நோயாளிகளுக்குள் பொசிட்டிவ் எத்தனை' என்பது 96 சதவீதம். 'பொசிட்டிவுக்குள் நோயாளிகள் எத்தனை' என்பது 11 சதவீதம். இரண்டும் வேறு வேறு பகுதியெண்கள். இந்தத் திசைமாற்றத்தை முதலில் ஆராய்ந்தவர் ஆங்கிலேயப் பாதிரியார் தோமஸ் பேயஸ். அவர் 1761 இல் இறந்த பின், 1763 இல் அவருடைய கட்டுரை வெளியிடப்பட்டது.

ஆனால் இதைப் பரிசோதனையை அலட்சியம் செய்வதற்கான சாட்டாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய்க்குறிகளைக் கண்டு வைத்தியர் பரிசோதிக்கச் சொன்னவர்களில் 30 சதவீதத்தினருக்கு நோய் இருப்பதாகக் கொண்டால், பத்தாயிரம் பேரில் 2,880 பேருக்குச் சரியாகவும் 280 பேருக்குத் தவறாகவும் பொசிட்டிவ் வரும்; இங்கே விடை 91 சதவீதம். அதே பரிசோதனைதான், பரிசோதிக்கப்படும் கூட்டம் மாறிவிட்டது. முதற் கூட்டத்தில் பொசிட்டிவ் வந்தவர்களையே மீண்டும் சோதித்து, அப்போதும் பொசிட்டிவ் வந்தால், 11 சதவீதம் ஏறத்தாழ 74 சதவீதமாக உயரும். இரண்டாம் பரிசோதனை முதலாவதன் பிழையைச் சாராதிருக்க வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை.

மேல்மாடி வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவர் பெண் என்று தெரிந்தால், இருவருமே பெண்களாக இருக்கும் நிகழ்தகவு பாதியா, மூன்றில் ஒன்றா?

அது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1959 இல் இந்தப் புதிரை வெளியிட்ட காலந்தொட்டு இருதரப்பும் வாதிட்டு வருவது, இந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவதால்தான்.

இரண்டு பிள்ளைகளுள்ள 400 குடும்பங்களை எடுங்கள்: ஆண்-ஆண் 100, ஆண்-பெண் 100, பெண்-ஆண் 100, பெண்-பெண் 100. காவலாளியிடம் 'அந்த வீட்டில் பெண் பிள்ளை உண்டா?' என்று கேட்டு 'உண்டு' என்ற பதில் வந்தால், அந்தப் பதிலுக்குரிய குடும்பங்கள் 300. அவற்றுள் இருவரும் பெண்கள் 100. விடை மூன்றில் ஒன்று. மாறாக, நீங்கள் மணியை அழுத்தியபோது பிள்ளைகளில் யாரோ ஒருவர் ஓடிவந்து கதவைத் திறக்க, அது ஒரு சிறுமியாக இருந்தது என்று வையுங்கள். பெண்-பெண் குடும்பங்கள் 100 இலும் சிறுமியே திறப்பாள். கலப்பான 200 குடும்பங்களில் பாதியில்தான் சிறுமி திறப்பாள். மொத்தம் 200 இல் 100, விடை பாதி.

மூன்று கதவுப் புதிரில் தெரிவை மாற்றுவதால் வாய்ப்பு எப்படி இரட்டிப்பாகும்? மிச்சமிருப்பது இரண்டு கதவுகள்தானே?

மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் பரிசு. நீங்கள் ஒன்றைத் தெரிவு செய்கிறீர்கள். பரிசு எங்கே என்று அறிந்த நிகழ்ச்சி நடத்துனர், மற்ற இரண்டில் வெறுமையான ஒன்றைத் திறந்து காட்டிவிட்டு, 'மாற்றுகிறீர்களா?' என்று கேட்கிறார். 1975 இல் ஸ்டீவ் செல்வின் எழுப்பிய இந்தப் புதிருக்கு, 1990 இல் மேரிலின் வொஸ் சாவன்ட் தம் பத்திரிகைப் பகுதியில் 'மாற்றுங்கள்' என்று சரியாக விடை எழுதியபோது, அது பிழை என்று ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன. கணித முனைவர்களும் எழுதியிருந்தார்கள்.

300 ஆட்டங்களை எண்ணுங்கள். 100 இல் உங்கள் முதற் தெரிவு சரி. 200 இல் பிழை. பிழையான அந்த 200 ஆட்டங்களிலும் நடத்துனர் வெறுமையான கதவைத் திறந்துவிடுவதால், மிஞ்சியிருக்கும் கதவில்தான் பரிசு. மாற்றுபவர் 300 இல் 200 தடவை வெல்கிறார். நடத்துனருக்கும் பரிசு எங்கே என்று தெரியாமல், குருட்டுவாக்கில் திறந்த கதவு தற்செயலாக வெறுமையாக இருந்தால் கதை வேறு: அந்த 200 இல் பாதியில் அவரே பரிசைத் திறந்துவிட்டிருப்பார், அந்த ஆட்டங்கள் கழிந்துவிடும், மீதி 200 ஆட்டங்களில் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பாதிதான். கதவைத் திறந்த சிறுமியைப் போலவே இங்கும், கண்ணுக்குத் தெரிந்தது எந்த வழியாகத் தெரிந்தது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

சனி மழைக்கு 50 சதவீதம், ஞாயிறு மழைக்கு 50 சதவீதம் என்றால், வார இறுதியில் மழை நிச்சயமா?

கூட்டக் கூடாது. இரு நாட்களும் ஒன்றையொன்று சாராவிட்டால், இரண்டிலும் மழை பெய்யாமலிருக்க 25 சதவீதம்; ஆகவே மழைக்கு 75 சதவீதம். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பிற்பகல் இடிமழை தொடங்கினால் சில நாட்கள் தொடர்வதை நாம் அறிவோம். அப்படி ஒரு நாள் மறுநாளைச் சார்ந்து நிற்கும்போது, உண்மையான விடை 50 க்கும் 75 க்கும் இடையில் இருக்கும்.

'சாரா நிகழ்ச்சிகள்' என்ற நிபந்தனையை மறந்து பெருக்கினால் அவ்வளவு பெரிய பாதிப்பா?

ஒருவருடைய வாழ்க்கையே போய்விட்டது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற சட்டத்தரணியின் இரு கைக்குழந்தைகள் வெவ்வேறு வருடங்களில் திடீரென இறந்தன. அவரே அவற்றைக் கொன்றார் என்று 1999 இல் நடந்த வழக்கில், அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறப்பது 8,543 இல் ஒன்று என்றும், எனவே இரண்டு இறப்பது அதன் வர்க்கமான 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவச் சாட்சி ஒருவர் கூறினார். சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மரபணுவும் வீட்டுச் சூழலும் பொதுவானவை; ஒன்று நிகழ்ந்த வீட்டில் மற்றது நிகழும் வாய்ப்பு கூடியிருக்கலாம் என்பதால் வர்க்கிக்க இடமே இல்லை. இரண்டாவது பிழை அதைவிட ஆழமானது. இரு குழந்தைகள் இறந்துவிட்டன என்பது நடந்து முடிந்த விடயம். அப்படி இறந்த குடும்பங்களுக்குள் எத்தனையில் கொலை, எத்தனையில் இயற்கை மரணம் என்பதே கேள்வி. தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் மிக மிக அரிது. 2001 இல் பிரித்தானியாவின் ராயல் புள்ளிவிபரவியல் சங்கம் இந்தக் கணக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தது. 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை இரத்துச் செய்தது; வெளிப்படுத்தப்படாதிருந்த மருத்துவச் சான்று முதன்மைக் காரணமாக இருந்தபோதும், அந்த எண் ஜூரியின் முன் வைக்கப்பட்ட விதத்தையும் நீதிமன்றம் குறைகூறியது. அவர் 2007 இல் காலமானார். உயர்தர மாணவர்களுக்கு நிகழ்தகவுகளைப் பெருக்கக் கற்பிக்கும் நாளன்றே இந்த வழக்கையும் சொல்லிவிடுவேன்.

வீட்டிலேயே செய்து பார்த்து விடையை உறுதிப்படுத்தலாமா? எத்தனை தடவை செய்ய வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். பெரும் கணித மேதை பவுல் ஏர்டிஷ்கூட மூன்று கதவு விடையைக் கணினியில் பல தடவை ஓட்டிக் காட்டிய பின்னரே ஏற்றுக்கொண்டார். வீட்டில் மூன்று தேநீர்க் கோப்பைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் ஒரு புளியங்கொட்டையை வைத்து, தம்பியையோ தங்கையையோ நடத்துனராக்கினால் போதும்.

எத்தனை தடவை என்பது, எவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிடிக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 100 தடவை மாற்றி விளையாடினால், வெற்றிகள் பெரும்பாலும் 57 க்கும் 76 க்கும் இடையில் விழும். பாதியா, மூன்றில் இரண்டா என்பது தெளிவாகிவிடும். வித்தியாசம் சிறிதானால் உழைப்பு பெருகும். 1654 இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்களில் ஆராய்ந்த கணக்குகளில் தாயக்கட்டை பற்றியதும் ஒன்று: ஒரு கட்டையை நான்கு தடவை உருட்டினால் ஆறு ஒரு தடவையாவது விழும் நிகழ்தகவு 51.8 சதவீதம், இரு கட்டைகளை 24 தடவை உருட்டினால் இரட்டை ஆறு விழுவது 49.1 சதவீதம். முதலாவது உண்மையிலேயே பாதிக்கு மேல் என்று கையால் உருட்டி உறுதிப்படுத்த, நான்கு உருட்டல்கள் கொண்ட ஆட்டம் ஏறத்தாழ 3,200 வேண்டும். நாளுக்கு 50 ஆட்டம் வீதம் விளையாடினாலும் இரண்டு மாதங்களுக்குச் சற்றுக் கூடவே செல்லும்.